அவசரப்பட்டால் புட்டி வெடிக்கும்!

நள்ளிரவு நேரம். வீட்டில் எல்லோரும் அயர்ந்து தூங்குகிறார்கள். திடீரென்று "டமார்!" என்று ஒரு சத்தம். மாடிப்படிக்கு அடியில் இருக்கும் சாமான் அறையில் இருந்து அது வருகிறது.

விளக்கைப் போட்டு, கதவைத் திறந்து பார்த்தால் திருடனும் இல்லை, பூனையும் இல்லை. தரை எல்லாம் கண்ணாடித் துண்டுகள். சுவர் எல்லாம் சிவப்புச் சாறு. வீட்டுக்காரர் ஆசையோடு அடைத்து வைத்த ஒயின் புட்டி வெடித்துவிட்டது!

இங்கிலாந்தில் வீட்டிலேயே ஒயின் செய்கிறவர்களுக்கு இது புதிய செய்தி அல்ல. பலருக்கு இந்த அனுபவம் உண்டு. எல்லாவற்றுக்கும் காரணம் ஒன்றுதான். அவசரம்!

"புட்டியில் அடைத்தாகிவிட்டது. இனி எத்தனை நாள் கழித்துக் குடிக்கலாம்?"

ஒயின் செய்யப் பழகுகிற ஒவ்வொருவரும் முதலில் கேட்கும் கேள்வி இது. இதற்கு ஒரே வரியில் பதில் சொல்ல முடியாது. ஏனென்றால் காத்திருக்க வேண்டியது ஒரு முறை அல்ல, இரண்டு முறை. தக்கை போடுவதற்கு முன்னால் ஒரு முறை. தக்கை போட்ட பிறகு ஒரு முறை. முன்னதை மறந்தால் ஆபத்து. பின்னதை மறந்தால் ருசி போய்விடும்.

பூவிலும் கிழங்கிலும் ஒயின்

ஒயின் என்றால் திராட்சைதான் நினைவுக்கு வரும். ஆனால் இங்கிலாந்து குளிர் நாடு. அங்கே எல்லா இடத்திலும் திராட்சை நன்றாகப் பழுப்பது இல்லை. ஆகவே கிராமத்து மக்கள் வேலி ஓரத்திலும் தோட்டத்திலும் கிடைத்ததை வைத்தே ஒயின் செய்யக் கற்றுக்கொண்டார்கள்.

அங்கே எல்டர் என்று ஒரு சிறு மரம் உண்டு. ஜூன் மாதத்தில் அது வெள்ளை வெள்ளையாகக் கொத்துக் கொத்தாகப் பூக்கும். அந்தப் பூவில் ஒரு ஒயின் செய்கிறார்கள். இலையுதிர் காலத்தில் அதே மரத்தில் மிளகைவிடக் கொஞ்சம் பெரிய கறுப்புப் பழங்கள் தொங்கும். அதில் வேறு ஒரு ஒயின்! இந்தப் பழத்தைப் பச்சையாகத் தின்றால் வயிற்றைப் புரட்டும். வேக வைத்தால் அந்தத் தொல்லை இல்லை.

புல்தரையில் தானாக முளைக்கும் டான்டேலியன் என்ற மஞ்சள் பூவிலும் ஒயின் உண்டு. ஏப்ரல் 23-ந் தேதி, புனித ஜார்ஜ் திருநாள் அன்று அந்தப் பூவைப் பறிப்பது பழைய வழக்கம். வெள்ளைக் காரட் போல இருக்கும் பார்ஸ்னிப் கிழங்கைக்கூட அவர்கள் விட்டு வைக்கவில்லை.

இரண்டாவது உலகப் போரின்போது அங்கே சர்க்கரைக்கு ரேஷன் வந்தது. போர் முடிந்தும் ரேஷன் முடியவில்லை. 1953-ம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில்தான் அது நீங்கியது. சர்க்கரை தாராளமாகக் கிடைத்ததும், வீட்டு ஒயின் வேலை மறுபடியும் சூடு பிடித்தது. ஊருக்கு ஊர் சங்கங்கள் தோன்றின. 1960-ல் பெர்ரி என்பவர் "ஒயின் செய்வதில் முதற்படிகள்" என்று பொருள்படும் பெயரில் ஒரு சிறிய ஆங்கிலப் புத்தகம் வெளியிட்டார். அது வீட்டுக்கு வீடு புகுந்தது.

சட்டம் அங்கே தடுக்கவில்லை. வீட்டு உபயோகத்துக்குச் செய்துகொள்ளலாம். உரிமம் இல்லாமல் விற்கத்தான் கூடாது.

தமிழ்நாட்டில் நிலைமை வேறு. இங்கே 1937-ம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டப்படி, அனுமதி இல்லாமல் வீட்டில் மது தயாரிப்பது குற்றம். உடல்நலம் பற்றிய செய்தியும் ஒன்று உண்டு. "எவ்வளவு குறைவாகக் குடித்தாலும் மது தீங்கற்றது என்று சொல்வதற்கு இல்லை" என்ற கருத்தை உலக சுகாதார நிறுவனம் 2023-ல் வெளியிட்டது.

கண்ணுக்குத் தெரியாத வேலைக்காரன்

தோசை மாவு இரவில் பாத்திரத்தின் பாதியில் இருக்கிறது. காலையில் விளிம்புக்கு வந்துவிடுகிறது. கண்ணுக்குத் தெரியாத சிறிய உயிர்கள் அதில் வேலை செய்வதுதான் காரணம். ஒயினிலும் அப்படித்தான். அங்கே வேலைக்காரன் பெயர் ஈஸ்ட்.

ஈஸ்டுக்குத் தீனி சர்க்கரை. சர்க்கரையைத் தின்று, அது இரண்டு பொருள்களை உண்டாக்குகிறது. ஒன்று, சாராயச் சத்து. மற்றொன்று, கரியமில வாயு. சோடாவில் பொங்குகிறதே, அதே வாயு!

இங்கிலாந்தில் இதற்கு ஒரு காலன் பிடிக்கும் கண்ணாடி ஜாடியை உபயோகிக்கிறார்கள். அதாவது சுமார் நாலரை லிட்டர். அதன் வாயில் வளைந்த கண்ணாடிக் குழாய் ஒன்றைப் பொருத்துகிறார்கள். குழாயின் வளைவில் கொஞ்சம் தண்ணீர் நிற்கும். உள்ளே உண்டாகும் வாயு, தண்ணீரைத் தள்ளிக்கொண்டு வெளியே போகும். வெளிக்காற்று உள்ளே வர முடியாது. காற்று புகுந்தால் வேறு கிருமிகள் பெருகி, ஒயின் காடியாகப் புளித்துவிடும்.

முதல் சில நாட்கள் குழாயில் "குளுக், குளுக்" என்று ஓயாமல் சத்தம் கேட்கும். பிறகு நிமிடத்துக்கு ஒன்று. அதன் பிறகு மணிக்கு ஒன்று. வாரங்கள் ஓடும். ஜாடியின் அடியில் வண்டல் தங்கும். தெளிவை மட்டும் மெல்ல இறுத்து வேறு ஜாடிக்கு மாற்றுவார்கள். மறுபடியும் வண்டல் தங்கும், மறுபடியும் இறுப்பார்கள். இப்படியே பல மாதங்கள் ஆகிவிடும்.

சத்தம் நின்றால் போதாது

ஒரு நாள் குழாயில் சத்தம் நின்றுவிடுகிறது. ஒயின் கண்ணாடி போலத் தெளிந்திருக்கிறது. "வேலை முடிந்தது" என்று நினைத்துப் புட்டியில் அடைத்துவிடுகிறார்கள். பலர் ஏமாந்து போவது இந்த இடத்தில்தான்!

ஈஸ்ட் வேலையை முடித்திருக்கலாம். அல்லது குளிரில் தூங்கிக்கொண்டும் இருக்கலாம். இங்கிலாந்தின் பனிக்காலத்தில் அது அடிக்கடி நடக்கும். குளிரில் அடைத்த புட்டி, வசந்த காலத்தில் வெயில் ஏறியதும் விழித்துக்கொள்ளும். மிச்சம் இருக்கும் சர்க்கரையை ஈஸ்ட் மறுபடியும் தின்னத் தொடங்கும். வாயு உண்டாகும். ஆனால் இந்தத் தடவை அது வெளியே போக வழி இல்லை. மேலே தக்கை இருக்கிறது.

அதிர்ஷ்டம் இருந்தால் தக்கை மட்டும் பறக்கும். இல்லாவிட்டால் புட்டியே வெடிக்கும். பக்கத்தில் ஆள் இருந்தால் கண்ணுக்கு ஆபத்து.

இதைக் கண்டுபிடிக்க ஒரு சிறிய கருவி இருக்கிறது. பாலில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்க்க ஒரு கண்ணாடிக் குழாயை மிதக்க விடுவார்கள் அல்லவா? அதே மாதிரிக் குழாய்தான் இதுவும். ஹைட்ராமீட்டர் என்று பெயர். சர்க்கரை அதிகமானால் அது உயர்ந்து மிதக்கும். குறைந்தால் ஆழ்ந்து போகும்.

வெறும் தண்ணீரில் அது 1.000 என்று காட்டும். சர்க்கரை கலந்த புதுச் சாற்றில் 1.080, 1.090 என்று காட்டும். சர்க்கரை முழுவதும் தீர்ந்துவிட்டால் 1.000-க்கும் கீழே, 0.990-ஐ ஒட்டி இறங்கிவிடும். சாராயச் சத்து தண்ணீரைவிட லேசானது. ஆகவேதான் அளவு தண்ணீருக்கும் கீழே போகிறது.

சில வாரங்கள் இடைவிட்டு இரண்டு முறை பார்த்து, இரண்டு முறையும் இதே தாழ்ந்த அளவு இருந்தால் முதல் காத்திருப்பு முடிந்தது என்று பொருள். பிறகுதான் தக்கை!

மோட்டார் டயரைவிட மூன்று மடங்கு

மிச்சம் இருக்கும் ஒரு கரண்டி சர்க்கரை அவ்வளவு பெரிய புட்டியை உடைத்துவிடுமா? உடைக்கும். அதற்குப் பிரான்சு நாட்டில் கணக்கே வைத்திருக்கிறார்கள்.

அங்கே ஷாம்பேன் என்ற பகுதியில் பொங்கும் ஒயின் செய்கிறார்கள். புட்டியில் அடைக்கும்போது வேண்டுமென்றே சர்க்கரையும் ஈஸ்டும் சேர்க்கிறார்கள். ஒரு லிட்டர் ஒயினில் 4 கிராம் சர்க்கரை கரைந்து புளித்தால், சுமார் ஒரு வாயுமண்டல அழுத்தம் உண்டாகும். அவர்கள் சேர்ப்பது சுமார் 24 கிராம். ஐந்தாறு தேக்கரண்டிதான்! ஆனால் அழுத்தம் ஆறு மடங்காகிவிடுகிறது. மோட்டார் கார் டயரில் அடிக்கும் காற்றைப்போல அது சுமார் மூன்று மடங்கு.

இதைத் தாங்குவதற்காகவே ஷாம்பேன் புட்டியைக் கனமான கண்ணாடியில் செய்கிறார்கள். சாதாரண ஒயின் புட்டிக்கு அந்தப் பலம் கிடையாது.

பழைய நாளில் ஷாம்பேன் நிலவறைகளில் புட்டிகள் சரமாரியாக வெடித்தன. ஒன்று வெடித்தால், பக்கத்தில் இருப்பதும் உடையும். அங்கே வேலை செய்தவர்கள் இரும்பு முகமூடி போட்டுக்கொண்டு நடமாடினார்கள். 1836-ல் பிரான்சுவா என்ற மருந்துக்கடைக்காரர், ஒயினில் எவ்வளவு சர்க்கரை இருக்கிறது என்று அளந்து பார்க்க ஒரு வழி சொன்னார். நாளடைவில் வெடிப்பது வெகுவாகக் குறைந்தது. அளந்து பார்த்ததால் வந்த நன்மை அது!

அடைத்த பிறகு என்ன நடக்கிறது?

முதல் காத்திருப்பு முடிந்து, தக்கையும் போட்டாகிவிட்டது. அன்றைக்கே ஒரு புட்டியைத் திறந்து ருசி பார்த்தால், பெரும்பாலும் ஏமாற்றம்தான். நேற்று ஜாடியில் மணமாக இருந்த ஒயின், இன்று சப்பென்று இருக்கும். வாசனை எங்கேயோ ஒளிந்துகொள்ளும். இதைப் "புட்டி நோய்" என்று அவர்கள் சொல்கிறார்கள். உண்மையில் இது நோய் அல்ல.

ஜாடியில் இருந்து புட்டிக்கு ஊற்றும்போது காற்று கலந்துவிடுகிறது. கெடாமல் இருப்பதற்காகப் போடும் மாத்திரையில் கந்தகச் சத்து இருக்கிறது. இரண்டும் ஒயினோடு சேர்ந்து அடங்கச் சில வாரங்கள் ஆகும். பொதுவாக ஒரு மாதம் போனால் இந்தக் குறை தீர்ந்துவிடும். எந்த ஒயினாக இருந்தாலும் இந்த ஒரு மாதம் கட்டாயம்.

அதற்குப் பிறகும் புட்டிக்குள் வேலை நிற்பது இல்லை. இளம் ஒயினில் புளிப்பு தனியாக நிற்கும். காரம் தனியாக நிற்கும். புளிப்புச் சத்தும் சாராயச் சத்தும் மெல்ல மெல்லக் கூடி, புதிய மணங்கள் உண்டாகின்றன.

சிவப்பு ஒயினில் இன்னொரு மாறுதலும் உண்டு. அதில் பழத்தோலின் துவர்ப்பு இறங்கியிருக்கும். வாழைப்பூவைக் கடித்தது போல நாக்கை இழுத்துப் பிடிக்கும். நாளாக ஆக அந்தத் துவர்ப்புச் சத்தின் நுண்ணிய துணுக்குகள் ஒன்றோடு ஒன்று ஒட்டிப் பெரிதாகின்றன. ஒரு பகுதி வண்டலாக அடியில் தங்கிவிடுகிறது. நாக்கைப் பிடித்த ஒயின் வழுவழுப்பாக மாறுவது இப்படித்தான்.

பாஸ்டர் செய்த சோதனை

வெறிநாய்க்கடிக்குத் தடுப்பு மருந்து கண்ட லூயி பாஸ்டரை உலகமே அறியும். அவர் ஒயினையும் ஆராய்ந்தவர். பிரான்சு நாட்டு ஒயின் அடிக்கடி கெட்டுப்போனதால், 1863-ல் அந்த நாட்டுச் சக்கரவர்த்தி மூன்றாம் நெப்போலியன் அவரிடம் அந்தப் பொறுப்பை ஒப்படைத்தார். பாஸ்டர் 1866-ல் தம்முடைய முடிவுகளைப் புத்தகமாக வெளியிட்டார்.

அவர் கண்ணாடிக் குழாய்களில் ஒயினை ஊற்றி மூடினார். சிலவற்றை நிறைய ஊற்றினார். சிலவற்றில் பாதி மட்டும் ஊற்றி, மீதி இடத்தில் காற்று இருக்கும்படி விட்டார். நிறைந்த குழாயில் ஒயின் அப்படியே இருந்தது. பாதிக் குழாயில் சில வாரங்களிலேயே நிறம் மங்கியது, வண்டல் தங்கியது.

காற்றுதான் ஒயினை முதிர வைக்கிறது என்று அவர் கண்டார். காற்று துளித்துளியாக வந்தால் பக்குவம். மொத்தமாக வந்தால் நாசம்! ஆகவேதான் புட்டியைக் கழுத்து வரை நிரப்புகிறார்கள். தக்கை போட்டதும் ஓரிரு நாள் நிமிர்த்தி வைத்துவிட்டு, பிறகு படுக்கப் போடுகிறார்கள். அப்போது ஒயின் தக்கையைத் தொட்டுக்கொண்டே இருக்கும். தக்கை உலர்ந்து சுருங்காது. காற்று நுழையாது.

குளிர்ச்சியும் இருட்டும் அவசியம். 10 முதல் 13 டிகிரி சென்டிகிரேடு வரை இருந்தால் நல்லது. சூடு ஏறினால் ஒயின் சீக்கிரம் கிழடு தட்டிவிடும். வெளிச்சம் பட்டால் நிறம் வெளுத்துவிடும். சிவப்பு ஒயினைப் பச்சை, பழுப்புப் புட்டிகளில் அடைப்பது அழகுக்காக மட்டும் அல்ல.

எதற்கு எத்தனை மாதம்?

வீட்டில் செய்கிறவர்கள் அனுபவத்தில் கண்ட கணக்கு இது:

பூவில் செய்த ஒயின்: அடைத்த பிறகு 3 முதல் 6 மாதம். எல்டர்ப் பூ ஒயினுக்கு உயிரே அதன் வாசனைதான். ஒரு வருடத்துக்கு மேல் வைத்தால் அந்த வாசனை போய்விடும்.

லேசான வெள்ளை ஒயின்: 3 முதல் 6 மாதம்.

சிவப்புப் பழ ஒயின்: 6 மாதம் முதல் 1 வருடம்.

எல்டர்ப் பழ ஒயின்: 1 முதல் 2 வருடம். துவர்ப்பு மிகுதி. அது அடங்க நாள் பிடிக்கும்.

பார்ஸ்னிப் கிழங்கு ஒயின்: குறைந்தது 1 வருடம்.

இந்தக் கணக்குக்கு ஒரு விதி இருக்கிறது. துவர்ப்பும் புளிப்பும் காரமும் கூடக் கூட, காத்திருக்கும் நாளும் கூடும். வாசனையை மட்டும் நம்பி இருக்கும் ஒயின் காத்திருக்காது.

பழகப் பழக ருசிக்குமா?

"ஒயின் பழையது ஆக ஆக உயர்ந்தது" என்று பொதுவாகச் சொல்கிறார்கள். இது பாதி உண்மைதான். ஒவ்வொரு ஒயினுக்கும் ஓர் உச்சி உண்டு. அது வரைக்கும் ஏறும், பிறகு இறங்கும். கடைகளில் விற்கும் ஒயினில்கூடப் பெரும்பகுதி சில வருடங்களுக்குள் குடித்துவிட வேண்டியதுதான்.

பிரான்சு நாட்டில் போழோலே என்ற பகுதியில் புது ஒயினுக்குத் திருவிழாவே நடக்கிறது. திராட்சை பறித்து இரண்டு மூன்று மாதம்கூட ஆகியிருக்காது. நவம்பர் மாதம் மூன்றாவது வியாழக்கிழமை அதை விற்பனைக்கு விடுகிறார்கள். 1985 முதல் இந்த நாள் நிலைத்துவிட்டது. அங்கே திராட்சையை நசுக்காமல், குலை குலையாகத் தொட்டியில் போட்டு மூடுகிறார்கள். அதனால் தோலின் துவர்ப்பு அதிகம் இறங்குவது இல்லை. அடங்க வேண்டிய துவர்ப்பு இல்லை. ஆகவே காத்திருக்க வேண்டிய அவசியமும் இல்லை.

வீட்டில் செய்கிறவருக்குத் தம் ஒயினின் உச்சி எது என்று எப்படித் தெரியும்? ஒரு காலன் ஜாடியில் ஆறு புட்டி நிறையும். அனுபவசாலிகள் ஆறையும் ஒரே மூச்சில் காலி செய்வது இல்லை. ஒவ்வொரு புட்டியிலும் பெயரையும், அடைத்த தேதியையும் எழுதி ஒட்டுகிறார்கள். மூன்றாம் மாதம் ஒன்று திறக்கிறார்கள். ஆறாம் மாதம் ஒன்று. வருடம் நிறைந்ததும் ஒன்று. ருசி எப்படி இருந்தது என்று நோட்டில் குறித்து வைக்கிறார்கள். இன்னும் ஏறுகிறதா, இறங்கத் தொடங்கிவிட்டதா என்று அந்த நோட்டே சொல்லிவிடும். அடுத்த வருடம் அதே ஒயினைச் செய்யும்போது யாரையும் கேட்க வேண்டியது இல்லை.

காத்திருப்பதிலும் ஒரு கடைசி எல்லை உண்டு. போர்ச்சுகல் நாட்டில் போர்ட் என்ற காரமான இனிப்பு ஒயின் செய்கிறார்கள். அதில் சிறந்த வருடத்து ஒயின், புட்டியில் இருபது வருடமும் அதற்கு மேலும் தாங்கும். இங்கிலாந்தில் செல்வர் வீடுகளில் குழந்தை பிறந்தால், ஞானத்தந்தை அந்த வருடத்து போர்ட் ஒயினை வாங்கி நிலவறையில் வைப்பது ஒரு வழக்கம். குழந்தை வளர்ந்து 21 வயது நிறையும் நாளில்தான் அதைத் திறப்பார்கள்.

வீட்டு ஒயின் அவ்வளவு வருடம் கேட்பது இல்லை. அது கேட்பது ஆறு மாதம். மிஞ்சினால் ஒன்று இரண்டு வருடம். ஆனால் அதில் ஒரு நாளைக்கூட அது விட்டுக்கொடுப்பது இல்லை!